நடுவில் வளைக்கும் லென்ஸ்

ஜூன் 3, திங்கள்

படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொருநை நிழற்படக் கழகத்தின் ஆண்டுக் கண்காட்சிக்கு நான் கொடுத்த படம். மூடிக் கிடக்கும் நூற்பாலைக்குள் இருபத்திரண்டு இரும்புத் தூண்கள் வரிசையாக ஓடுவதை வாசலில் நின்று எடுத்தது. பின்புறம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'நடுப்பகுதியில் தெளிவு இல்லை.' எழுதியவர் செயலாளர் ஆவுடையப்பன். போன வருடம் தன் பேத்தி ஐஸ் சாப்பிடுவதை எடுத்துத் தனக்குத் தானே முதல் பரிசு கொடுத்துக்கொண்ட மனிதர்.

முப்பத்தாறு வருடம் நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்தேன். ஊர் எல்லையைத் தலைமுடிக் கனத்தில் வரைந்து கொடுத்தவள். புகைப்படத்தை எவர் காலிலும் விழுந்து கற்கவில்லை. கேமராவோடு வந்த கையேட்டை நான்கு முறை படித்துக் கற்றேன். எனக்கு இவர்கள் தெளிவைப் பற்றிச் சீட்டு எழுதுகிறார்கள்.

படத்தை வெகுநேரம் பார்த்தேன். நடுத் தூண் கொஞ்சம் மங்கல்தான். அது பதினொரு வருடப் பழைய கேமராவின் குற்றம். என்னுடையது அல்ல.

தம்பி சகாயம் இன்றைக்கும் ரசத்தில் உப்பை அள்ளிப் போட்டிருக்கிறான்.

ஜூன் 6, வியாழன்

ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கிவிட்டேன். உள்ளே இருக்கும் சென்சார் அந்தக் காலத்து ஃபிலிம் சட்டத்தின் முழு அளவு. பழையது அதில் பாதிகூட இல்லை. பழைய லென்ஸ்கள் இதற்குப் பொருந்தாது. எனவே உடம்பை மட்டும் வாங்கினேன். தலை இல்லாத முண்டம் போல மேசையில் உட்கார்ந்திருக்கிறது.

ஜங்ஷனில் நூர் கேமரா ஹவுஸ். கடைக்காரர் பீர் முகமதுக்கு ஐம்பது வயது இருக்கும். தெரிந்தவர்களுக்கு லென்ஸை மூன்று நாள் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவார். பிடித்தால் வாங்கலாம். நல்ல வழக்கம்தான், ஆனால் கூடவே இலவசமாக உபதேசமும் தருகிறார். இனிமேல் ஃபோகஸ் செய்வதைக் கேமராவிடமே விட்டுவிட வேண்டுமாம். கையால் திருகித்தான் எடுப்பேன் என்றேன். வேண்டாத வேலை என்பது போலச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 8, சனி

முதல் லென்ஸ்: 24-70 ஜூம். எண் 40617.

சோதிக்கும் முறையை எழுதி வைக்கிறேன், பிறகு எவரும் வாய் திறக்கக் கூடாது. வரைபடத் தாளில் இருபதுக்கு இருபது கட்டங்கள் போட்டேன். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. கூடத்துச் சுவரில் ரசமட்டம் வைத்துப் பார்த்து ஒட்டினேன். கேமராவை முக்காலியில் ஏற்றி, தாள் மேலிருந்து கீழ்வரை சட்டத்தை நிறைக்கும் தூரத்தில் நிறுத்தினேன். லென்ஸ் மாறினால் தூரத்தை மாற்றிக்கொள்ளலாம், தாளின் அளவு மாறாது. பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் வியூஃபைண்டரில் புள்ளியைப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணும் சேர்ந்தால் ஒன்றின் பிழையை இன்னொன்று மறைத்துவிடும். கோட்டை ஒற்றைக் கண்ணால்தான் சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் பிரிவில் முதல் நாளே சொல்லித் தருவது.

முடிவு: புள்ளிக்கு வலப்பக்கம் இரண்டு கட்டங்கள் வளைந்திருக்கின்றன. தண்ணீருக்குள் கிடக்கும் கம்பி போல.

புத்தம் புதிய லென்ஸ். வெட்கக்கேடு.

ஜூன் 9, ஞாயிறு

பீடத்துச் சிலுவை நேராக இல்லை. பிரசங்கம் முழுக்க அதுவே உறுத்தியது. ஒரு கண்ணை மூடிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, ஆராதனை முடிந்ததும் கோவிலைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளையிடம் சொன்னேன். அவர் ஏறிப் பார்த்தார், அதைத் தொடக்கூட இல்லை, சரிசெய்துவிட்டேன் என்று சொல்லி இறங்கினார். ஆலயத்துக்குள்ளேயே பொய்.

ஜூன் 11, செவ்வாய்

ஜூமைத் திருப்பிக் கொடுத்தேன். நடுவில் வளைக்கிறது என்றேன். பீர் முகமது அதைத் தன் கேமராவில் மாட்டி, எதிரே இருக்கும் லாட்ஜின் ஜன்னல்களைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"அக்கா, லென்ஸ் வளைச்சா ஓரத்துலதான் வளைக்கும். நடுவுல மட்டும் வளைக்கிற லென்ஸ இன்னும் எவனும் செய்யல."

"ஒங்க கடைக்குன்னு ஒருத்தன் செஞ்சிருக்கான் போல" என்றேன்.

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஜூம் என்றால் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும், ஜூம் இல்லாத நிலைக் குவிய லென்ஸ் சுத்தமாக இருக்கும் என்று 35 மில்லிமீட்டர் ஒன்றை எடுத்துத் தந்தார். முதலில் ஒன்றும் இல்லை என்றவர், பிறகு அப்படி இப்படித்தான் என்கிறார். வியாபாரி.

ஜூன் 12, புதன்

இரண்டாவது லென்ஸ்: 35. எண் 22958.

மூன்று கட்டங்கள். முந்தியதைவிட மோசம். புள்ளிக்கு அருகே ஒரு கோடு அறுந்து, அடுத்த கட்டத்தில் மறுபடி தொடங்குகிறது.

வியூஃபைண்டரின் பக்கத்தில் இருக்கும் பார்வைத் திருகை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை திருகிப் பார்த்தேன். மாற்றமில்லை.

மோட்டார் போட மறந்து, மேல் தொட்டி காலி. சகாயத்தைத் திட்டினேன். போட வேண்டியது நான்தான் என்று பிறகு ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

ஜூன் 14, வெள்ளி

இன்று ஒரு பெரிய மோசடியைக் கண்டுபிடித்தேன்.

அந்தத் தாளைப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு, இரண்டு கண்ணாலும் பார்த்தால் எல்லாக் கோடுகளும் நேராக இருக்கின்றன! வியூஃபைண்டரில் வளைந்தது திரையில் எப்படி நேராகும்? கையேட்டில் அறுபத்திரண்டாம் பக்கத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்: லென்ஸின் வளைவைக் கேமராவே சரிசெய்துவிடும். அந்த வசதியை அணைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். அப்போதும் நேர். அப்படியென்றால் நமக்குத் தெரியாமல் உள்ளுக்குள் இன்னொரு முறை சரிசெய்கிறார்கள். கோணல் கண்ணாடியைச் செய்து விற்றுவிட்டு, படத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுக்கிறார்கள். உலகமே இப்படித்தான் ஆகிவிட்டது. 

ஜூன் 15, சனி

மூன்றாவது: 50. எண் 71340. நான்கு கட்டங்கள்.

இரண்டு, மூன்று, நான்கு. இது தற்செயல் அல்ல. கிழவிதானே, கண்டுபிடிக்க மாட்டாள் என்று ஒன்றைவிட ஒன்று மோசமான சரக்கை, எங்கோ விழுந்து அடிபட்டுப் பிரித்துப் பூட்டியதை, என் தலையில் கட்டப் பார்க்கிறார்.

தாளில் நான் போட்ட கோடே தவறாக இருக்கலாமே என்று எவரும் கேட்கக் கூடாது என்பதற்காக, ஆபீஸிலிருந்து ஓய்வு பெறும்போது கொடுத்த இரண்டடி எஃகு அடிகோலை எடுத்துக் கோட்டின் மேல் வைத்து, இடது கண்ணை மூடிப் பார்த்தேன். அடிகோலும் நடுவில் நெளிந்திருக்கிறது. பீரோவில் அதன்மேல் எதையோ கனமாக வைத்திருக்கிறான் சகாயம். பதினொரு வருடம் பொத்திப் பாதுகாத்த பொருள். குப்பைக் கூடையில் போட்டுவிட்டேன்.

ஜூன் 17, திங்கள்

கழகத்தின் வாட்ஸாப் குழுவில் எழுதினேன். நூற்று நாற்பது பேர் இருக்கிறார்கள், தெரிந்துகொள்ளட்டும்.

'நூர் கேமரா ஹவுஸில் லென்ஸ் வாங்குவோர் கவனத்திற்கு. அங்கே எனக்குத் தரப்பட்ட மூன்று லென்ஸ்களும் மையத்தில் குறை உள்ளவை. பழுது பார்த்த சரக்கு புதியது என்று விற்கப்படுவதாக உறுதியாக நம்புகிறேன். சோதனை விவரம் என்னிடம் உள்ளது. இ. கிருபாவதி, முதுநிலை வரைவாளர், ஓய்வு.'

மாலைக்குள் பதினெட்டுப் பேர் நன்றி சொல்லிவிட்டார்கள். கல்யாணப் படம் எடுக்கும் ஒருவர், அங்கே சொல்லி வைத்திருந்த இரண்டு லென்ஸையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக எழுதினார். ஆவுடையப்பன்கூடக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

ஜூன் 18, செவ்வாய்

காலைப் பலகாரத்தின்போது சகாயம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன், பச்சை விளக்கா சிவப்பு விளக்கா என்று பார்ப்பது போலத்தான் எதையும் பார்ப்பான்.

"எக்கா, ஏன் தலையச் சாச்சுச் சாச்சுப் பாக்க? அம்மா மாதிரியே இருக்கு."

"ஏல, ஒஞ் சோலியப் பாரு" என்றேன். தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அம்மாவோடு என்னை ஒப்பிட இவனுக்கு உரிமை இல்லை. கடைசி ஆறு வருடம் அவளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, துணி மாற்றியது நான். இவன் ரயிலில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தான். கண் மங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்குக் கீழே கிடக்கும் குண்டூசி மட்டும் தெரியும். ஆனால் நான் எதிரே போய் உட்கார்ந்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். தினமும். கல்யாணம் வேண்டாம் என்று முப்பது வயதில் நான் சொன்னதை அவள் சாகும்வரை மன்னிக்கவில்லை. இதை எவரிடமும் நான் சொன்னதில்லை. இவனுக்கு எங்கே தெரியும்?

ஜூன் 21, வெள்ளி

பீர் முகமது வீட்டுக்கே வந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்து, பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். சகாயம் தண்ணீர் கொடுத்தான். வாப்பா காலத்திலிருந்து நாற்பத்தொரு வருடமாக நடக்கும் கடை என்றார். மூன்று நாளாகப் புதியதாக ஒருவரும் படியேறவில்லை என்றார். பிறகு பையிலிருந்து, முதலில் தந்ததைப் போலவே ஒரு 24-70 ஜூமை எடுத்தார். எண் இருக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

இதை என் கண் முன்னாலேயே சோதித்துப் பாருங்கள், குறை இருந்தால் நானே குழுவில் எழுதிக் கடையைப் பூட்டுகிறேன் என்றார்.

சோதித்தேன். புள்ளியைச் சுற்றி ஐந்து கட்டங்கள். புள்ளியே சரியாகத் தெரியவில்லை. அழுக்கு விரல் வைத்துத் தேய்த்தது போலச் சாம்பல் நிறம். "இதுதான் இருக்கதுலயே கேடுகெட்டது" என்றேன். நோட்டிலும் எழுதினேன்: நான்காவது, ஐந்து கட்டங்கள்.

அவர் டேப்பை உரித்தார். 40617.

என் நோட்டையே வாங்கிப் பக்கத்தைப் புரட்டி, ஜூன் 8 அன்று நான் எழுதியதைக் காட்டினார். இரண்டு கட்டங்கள்.

"அன்னைக்கு நீங்க கொண்டுவந்து குடுத்த பெறவு பெட்டிய விட்டு வெளிய எடுக்கலக்கா. ரெண்டு எப்படி அஞ்சாவும்?"

இடையில் பிரித்துக் கெடுத்திருக்கிறீர்கள் என்றேன். வாய்க்கு வந்தது அதுதான். அவர் சகாயத்தைப் பார்த்தார். சகாயம் தரையைப் பார்த்தான்.

"ஒரே ஒரு தடவ எடது கண்ணால பாத்துருங்கக்கா. நான் போயிருதேன்."

என் வீட்டில் வந்து எந்தக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எவரும் எனக்குச் சொல்ல வேண்டாம் என்றேன். அவர் லென்ஸை எடுத்துக்கொள்ளாமலே போனார். வாசலில் நின்று சகாயத்திடம் ஏதோ சொன்னார். கேட்கவில்லை.

ஜூன் 22, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. கசிவு இருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். இல்லை.

இடது கண்ணால் பார்த்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை.

ஜூன் 24, திங்கள்

குப்பைக் கூடையிலிருந்து அடிகோலை எடுத்துத் துடைத்து வைத்தேன். நல்லவேளை, சகாயம் குப்பை கொட்டுவதிலும் சோம்பேறி.

அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடி நின்றேன். நேர். நெளிவு. நேர். நெளிவு. எத்தனை முறை என்று தெரியவில்லை. திரும்பினால் சகாயம் சட்டை போட்டுக்கொண்டு, கையில் குடையோடு நிற்கிறான். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டானாம். இன்றைக்கு வர முடியாது, தலை குளிக்க வேண்டும் என்றேன். நாளைக்கு என்று ஒப்புக்கொண்டான். குடையை மட்டும் கீழே வைக்கவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி. டோக்கன் எண் 112. மூன்று மணி நேரம் நாற்காலியில். பக்கத்தில் ஒரு ஆள் போனில் சத்தமாக ஆட்டு விலை பேசிக்கொண்டே இருந்தார். சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். மூடினாலும் ஆட்டு விலை கேட்டது.

டாக்டர் சின்னப் பெண். எதிரே உட்காரவைத்து ஓர் அட்டையைக் கையில் கொடுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவள் பயந்துபோனாள். இருபதுக்கு இருபது கட்டங்கள். நடுவில் கறுப்புப் புள்ளி. என் கூடத்துச் சுவரில் ஒட்டியிருப்பதேதான், என்னுடையதில் கோடு இன்னும் சுத்தம்.

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, கோடு எங்கே வளைகிறதோ அங்கே பென்சிலால் வரையுங்கள் என்றாள். வரைந்தேன். எல்லாரும் ஒரு வட்டம் போட்டுக் கொடுப்பார்களாம். நான் ஒவ்வொரு கோடும் எந்தக் கட்டத்தில் திரும்புகிறது, எவ்வளவு விலகி எங்கே மறுபடி சேருகிறது என்று வரைந்து, பக்கத்தில் அளவு எழுதிக் கொடுத்தேன். அதை வெகுநேரம் பார்த்தாள். எப்போதிருந்து இப்படி என்றாள். நோட்டை எடுத்து நீட்டினேன்.

"ஜூன் எட்டு ரெண்டு, பன்னெண்டு மூணு, பதினஞ்சு நாலு, இருபத்தொண்ணு அஞ்சு" என்று வாசித்தாள். "அம்மா, இந்த மாதிரி ரெக்கார்டு எந்தப் பேஷண்டும் வச்சதில்ல. ஆனா இத்தன நாளா ஏம்மா வரல?"

லென்ஸ் சோதித்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

வலது கண்ணின் விழித்திரையில், சரியாக நடுவில், இரத்தக் குழாய் கசிகிறது. கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். போனது முழுக்கத் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம். இடது கண்ணைத் தினமும் அந்தத் தாளை வைத்துச் சோதிக்க வேண்டும், ஒரு கோடு நெளிந்தாலும் அன்றைக்கே ஓடிவர வேண்டும். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் சகாயம் அம்மாவுக்கு என்று சொல்லிவிட்டான். அம்மாவை எந்த ஆஸ்பத்திரியில் காட்டினீர்கள் என்றாள். வயசானால் அப்படித்தான் என்று யாருமே காட்டவில்லை.

ஊசி போட்டுவிட்டார்கள். வலி இல்லை. ஒரு கண்ணுக்குள் ஊசி இறங்குவதை அதே கண்ணால் பார்ப்பது அருவருப்பான விஷயம். இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஜூன் 27, வியாழன்

குழுவில் எழுத வேண்டும். ஐந்து முறை எழுதி அழித்தேன். முதலில் எழுதியதில் கேமரா நிறுவனத்தின் மேல் கொஞ்சம் குற்றம் இருந்தது. இரண்டாவதில் ஆவுடையப்பன் மேல். மூன்றாவது ஒரு பக்கம் நீண்டு, என் பணிக்காலம் முழுவதும் வந்துவிட்டது. சகாயம் வாசித்துப் பார்த்து, "எக்கா, பெட்டிஷன் மாதிரி இருக்கு" என்றான். கடைசியில் போனது இது:

'நூர் கேமரா ஹவுஸ் பற்றி ஜூன் 17 அன்று நான் எழுதியது தவறு. மூன்று லென்ஸ்களும் நேரானவை. வளைந்திருப்பது என் வலது கண். இ. கிருபாவதி, முதுநிலை வரைவாளர், ஓய்வு.'

உடனே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. தொண்ணூற்றாறு பேர். ஒருவர் பூங்கொத்து அனுப்பினார். இன்னொருவர் கண்ணுக்கு முருங்கைக் கீரை நல்லது என்றார். கல்யாணப் படக்காரர் மட்டும் ஒன்றும் போடாமல் நேராகக் கடைக்குப் போய் லென்ஸ் வாங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்தக் குழுவில் உருப்படியான ஆள் அவர் ஒருவர்தான்.

ஜூலை 2, செவ்வாய்

கடைக்குப் போனேன். மன்னிப்பு என்ற வார்த்தையை ஆட்டோவில் போகும்போதே இரண்டு முறை சொல்லிப் பார்த்திருந்தேன். கடையில் வரவில்லை. 40617-ஐ மேசைமேல் வைத்து, பில் போடுங்கள் என்றேன். வேறு புதியது தருகிறேன், இது நாலு கை பட்டது என்றார். இதைத்தான் சோதித்திருக்கிறேன், இது நேரான லென்ஸ் என்று எனக்குத் தெரியும், வேறு வேண்டாம் என்றேன். கடையில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி, கொஞ்சம் சத்தமாக.

பில் எழுதும்போது அவர் நிமிரவில்லை. "இனியாவது ஆட்டோ ஃபோகஸ்ல போடுங்கக்கா" என்று மட்டும் சொன்னார்.

"அதெல்லாம் முடியாது. எடது கண்ணுக்குப் பழக்குதேன்."

ஜூலை 5, வெள்ளி

இடது கண் சோம்பேறி. இத்தனை வருடம் வலது கண் உழைத்ததில் உட்கார்ந்து தின்றிருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் மூக்கு கேமராவின் பின்திரையில் இடித்து எண்ணெய்ப் பிசுக்கு. துடைத்துத் துடைத்துக் கை ஓய்கிறது.

திரும்பி வந்த நூற்பாலைப் படத்தை எடுத்து இடது கண்ணால் மட்டும் பார்த்தேன். நடுத் தூண் ஒன்று அல்ல, ஏழு தூண்கள் மொத்தமும் மங்கல். ஃபோகஸ் முன்னால் கிடக்கும் செங்கல் மேல் இருக்கிறது. ஆவுடையப்பன் சீட்டில் எழுதியது சரி. அவரிடம் இதைச் சொல்லும் உத்தேசம் இல்லை.

ஜூலை 27, சனி

நேற்று இரண்டாவது ஊசி. வலது: நான்கு கட்டங்கள். இடது: எல்லாம் நேர்.

காலையில் சகாயம் எதிரே உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தான். சோதனை முடிந்த கையோடு இடது கண்ணைப் பொத்தியபடியே அவனைப் பார்த்தேன். சட்டை தெரிந்தது, பேப்பர் தெரிந்தது, நாற்காலிக் கை தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அந்தச் சாம்பல் கறை. நேருக்கு நேர் எவ்வளவு முறைத்துப் பார்த்தாலும் அவன் முகம் இல்லை. பிறகு தலையைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பினேன். கறை விலகியது. ஓரத்தில் அவன் மூக்கும், சவரம் செய்யாத தாடையும், மூக்குக்கண்ணாடியும் வந்தன.

இன்னும் கொஞ்சம் திருப்பினேன். நன்றாகத் தெரிந்தது.

"என்னக்கா, மூஞ்சியத் திருப்பிட்ட? கோவமா?" என்றான்.

ஆறு வருடம். தினமும் காலையில் நான் போய் எதிரே உட்கார்ந்ததும் அம்மா அதைத்தான் செய்தாள்.

 திருப்பிய முகத்தைத் திருப்பியபடியே வைத்து, அவன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.